தனிக்கட்டில்

இஞ்சாருங்கோ,

பிள்ளைக்குச் சின்னமுத்துக் காய்ச்சல் இறங்குது, பயப்பிடாதேங்கோ. ஆஸ்பத்திரி வாட்டு நிரம்பி வழியுது. கட்டிலுக்கு ரெண்டு பிள்ளையள். "நேர்ஸோட கதைச்சுத் தனிக்கட்டில் எடும்" எண்டு போனில என்னைப் பேசினீங்கள். கொழும்புக்கு வாறதுக்குப் பாஸ் கிடைக்காமல் வவுனியாவில நிண்டுகொண்டு பேசுறது சுகம்.

எங்கட கட்டிலில மற்றப் பிள்ளை, மட்டக்குளி முஸ்லிம் மனிசி றலியாவின்ர மகன். மூச்செடுக்கவே கஷ்டப்பட்டவன். வெள்ளவத்தைக் கோயிலில பிடுங்கின வேப்பிலையை நான் தலையணைக்குக் கீழ ஒளிச்சு வைக்க, அவ கண்டிட்டா.

"அக்கா, எங்கட புள்ளைக்கும் கொஞ்சம் வைங்களேன்."

பாதியை அவன்ர பக்கம் வைச்சனான்.

இண்டைக்குக் காலமை றலியா வெறுங்கையோட வீட்டுக்குப் போனா. விரிப்பு மாத்தேக்க அந்தப் பக்கத்து வேப்பிலை கீழ கொட்டுப்பட்டது. பொறுக்கி மடியில வைச்சிருக்கிறன்.

எங்கட பிள்ளை காலை நீட்டிப் படுத்திருக்கு. நீங்கள் கேட்ட தனிக்கட்டில் கிடைச்சிட்டுது.

இப்படிக்கு,
உங்கட பிள்ளையின்ர அம்மா