மின்விசிறி நிற்கவில்லை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் உன் அறையில் இருக்கும் ஐந்து பேர் காதிலும் விழும். நீயும் பாதியில் வைத்துவிடுவாய். நாற்பது மாடி உயரத்தில் கிரேன் ஓட்டப் பயமில்லை உனக்கு, அக்கா என்றால் மட்டும் பயம்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது பாதியில் நின்றுபோனாயே, கேட்டதற்கு "நெட்வொர்க் மாட்டிக்கிச்சுக்கா" என்றாய். அம்மா நம்பிவிட்டாள். உன் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதானே இருந்தது? எதையோ மெல்வதுபோல் உன் உதடு அசைந்தது. விரல்கள் சட்டைப் பித்தானைத் திருகின. கூப்பிடக் கூப்பிட, என்னைப் பார்த்தபடியே பார்க்காமல் இருந்தாய். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் நீ கிரேனில் இருந்திருந்தால்?

மறுநாள் தையல் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, முன்பு உன் வலிப்புக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் ஓடினேன். கீழே விழுந்து கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் வந்தால், கண் திறந்தபடியே நினைவு தப்புமாம்; முழுதும் பரவினால் விழுந்து இழுக்குமாம். தூக்கம் கெட்டாலும், மாத்திரையை நிறுத்தினாலும் திரும்புமாம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?" என்றார். வீட்டுக்கு வந்து உன் அலமாரியைத் திறந்தேன். துணிக்கடியில் பிரிக்காத ஆறு மாத்திரை அட்டைகள். இரண்டு வருஷமாக வரவில்லை, போய்விட்டது என்று நீயே முடிவு செய்துவிட்டாயா?

"சின்ன வயசுல தலையில அடிபட்டிருக்கா?" என்றும் கேட்டார். நான் ஓட்டிய சைக்கிளிலிருந்து நீ விழுந்ததைச் சொன்னேன். அதுவாக இருக்கலாம், பலருக்குக் காரணமே தெரிவதில்லை என்றார். அந்த 'இருக்கலாம்' என்னை விடமாட்டேன் என்கிறதடா.

உன் மேஸ்திரியின் எண்ணை இரண்டு முறை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். சொன்னால் உன் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் ஆவேன். சொல்லாவிட்டால்... அதை எழுதக் கை வரவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பாகக் கிடக்கிறேன்.

அங்கே திரும்பும் உன் சிநேகிதன் வெல்டரிடம் பழைய மருந்துச்சீட்டைக் கொடுத்தனுப்புகிறேன். நீயாக எதையும் விழுங்காதே. உடனே ஒரு டாக்டரிடம் காட்டு. மேஸ்திரியிடம் நீயே சொல்லி, தரையில் ஒரு வேலை கேள்.

எப்போது எழுதினாலும், நீ மேலே மேலே உயர வேண்டும் என்றுதான் முடிப்பேன். இந்த முறை அதை எழுத மாட்டேன். என்னைத் திட்டு, ஒரு வருஷம் பேசாமல் இரு. கீழே மட்டும் இறங்கிவிடு, ராசா.

உன் அக்கா