நூராவின் உம்மா வந்த நாள்

ராத்தா,

இன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். நடு அறையிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. முதலில் மணி குலுக்குவதுபோல ஒரு சத்தம், பிறகு பெண்பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து பாடும் சிங்களப் பாட்டு. கையில் இறாலோடு அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் மகள் ஹனா என்னுடைய போனை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்து, நூராவின் கதையைப் போட்டிருந்தாள். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அந்தப் பாட்டு கேட்பது இதுதான் முதல் தடவை.

பாட்டு முடிவதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இறால் உரித்த கையால் கண்ணைத் துடைக்க முடியாது. தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டேன்.

"சாச்சி, சுறுக்கா வாங்க. கடைசிக் கதை தொடங்கிட்டு" என்று கூப்பிட்டாள்.

கடைசிக் கதை. அதை நீங்கள் எனக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரையும் வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு நீங்கள் திரும்பிவிட்டீர்கள்.

நம்முடைய வீட்டில் அந்தப் பழைய டிவி இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை குர்ஆன் ஓதப் போய் வந்ததும் தலையில் போட்ட முந்தானையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய்க் குந்திவிடுவேன். ஜப்பான்காரர்கள் வரைந்த கார்ட்டூன், சிங்களத்தில் பேசும். பள்ளிக்கூடம் போகும் ஒரு சின்னப் பெண். ஆபத்து வந்தால் கையிலுள்ள சிறிய விளக்கைத் தூக்கிப் பிடிப்பாள். வெளிச்சம் அவளைச் சுற்றிச் சுற்றி வரும், உடுப்பு மாறும், தலைமுடி நீளும். பிறகு நாலு சிநேகிதிகளோடு சேர்ந்து, ஊரின் விளக்குகளையெல்லாம் விழுங்கித் திரியும் இருட்டு ராணியோடு சண்டை பிடிப்பாள்.

எனக்கு அப்போது ஒரு சொல் சிங்களம் தெரியாது. உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாப்பா பிபிலையில் புடவைக்கடை வைத்திருந்தபோது அங்குள்ள பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர் நீங்கள். கடையை மூடிக்கொண்டு நிந்தவூருக்குத் திரும்பி வந்த பிறகு பிறந்தவள் நான். அதனால் டிவிக்கும் எனக்கும் நடுவில் நீங்கள் இருந்தீர்கள். டிவியில் அவளுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர். நீங்கள்தான் நூரா என்று பெயர் வைத்தீர்கள். "நூர் எண்டா வெளிச்சம். அவட வேலையும் அதுதானே" என்றீர்கள்.

நீங்கள் சொன்ன கதையில் யார் யாரைச் சந்தித்தாலும் முதலில் கேட்பது "சாப்பிட்டியா?" என்றுதான். சிநேகிதிகள் கேட்பார்கள், டீச்சர் கேட்பார். ஒருநாள் இருட்டு ராணியே வானத்திலிருந்து இறங்கி வந்து கையை நீட்டிக் கத்தினாள். "என்ன சொல்றா ராத்தா?" என்று பயந்துபோய்க் கேட்டேன். "சாப்பிட்டியா எண்டு கேக்குறா" என்றீர்கள். "சண்டைக்கு வந்தவளுமா?" என்றேன். "ஏன், சண்டைக்கு வந்தா மரியாதை இல்லாமப் போயிடுமா?" என்று சிரிக்காமல் சொன்னீர்கள். அந்தப் பக்கமாக வந்த வாப்பா நூராவின் குட்டைப் பாவாடையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "சின்னப் புள்ள வாப்பா, இன்னும் வயசுக்கு வரல்ல" என்று அவருக்கும் ஒரு பதில் வைத்திருந்தீர்கள்.

உம்மா அப்போது சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தா. ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருந்தா. அதில் சவர்க்காரம், போர்வை, பால்மா, ஒரு டோர்ச் லைட். நீங்கள் அந்த டோர்ச்சின் முகத்தில் ரோஸ் நிறக் கண்ணாடித் தாளைக் கட்டி என் கையில் தந்தீர்கள். அதுதான் என் மந்திர விளக்கு. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் சுற்றினால் சுவரெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும்.

நூராவின் வீட்டுச் சுவரில் ஒரு பெண்ணின் படம் இருக்கும். அவள் பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் படத்தைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"அது ஆரு?"

"அவட உம்மா."

"எங்க இரிக்கா?"

"சவூதியில" என்றீர்கள்.

"அப்ப அந்த விளக்கு?"

"பார்சல்ல வந்தது. வேற எப்படி வரும்?"

எனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா ராத்தா? நூராவுக்கும் எனக்கும் ஒரே நிலைமை. அவளுடைய உம்மாவும் வெளிநாட்டில், என்னுடைய உம்மாவும் வெளிநாட்டில். அவளிடமும் விளக்கு, என்னிடமும் விளக்கு. வாரம் முழுக்க உம்மாவின் குரல் கேட்காத குறை சனிக்கிழமை தீர்ந்துவிடும்.

ஆனால் நீங்கள் அதைச் சொன்னபோது உம்மா சவூதியில் இருக்கவில்லை. சவூதி மண்ணுக்குள் இருந்தா. அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் செய்தி வந்திருந்தது. அங்கேயே காய்ச்சலில் மௌத்தாகி, அங்கேயே அடக்கிவிட்டார்கள். உடம்பு ஜனாஸாவாக வந்து சேராத வீட்டில் சின்னப் பிள்ளைக்குச் சொல்லாமல் மறைப்பது லேசு. ஆட்கள் வந்து போன அந்த நாட்களில் என்னை மாவடிப்பள்ளி ஊரில் ஒரு சொந்தக்கார வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது எல்லாரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். நான் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு மட்டும் சொல்லியிருந்தார்கள். நீங்கள் பெரிய பிள்ளையாம். பெரிய பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுதான்.

நூராவின் கதை முடியும் சனிக்கிழமை வந்தது. நான் டோர்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் நூரா விழுந்து கிடந்தாள், விளக்கு அணைந்திருந்தது, எங்கும் இருட்டு. திடீரென்று நீங்கள் எழும்பிப் போனீர்கள். டிவி நின்றுவிட்டது.

"கரண்ட் போயிட்டு" என்றீர்கள்.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஃபேனைப் பார்த்தேன், உங்களைப் பார்த்தேன். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. "மறுகா என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்டேன். "மறுகா சொல்றன்" என்றீர்கள்.

உம்மாவின் பெயரில் வீட்டில் ஆட்களைக் கூட்டிக் கத்தம் ஓதிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஓத வந்த லெப்பை துஆ கேட்கும்போது உம்மாவின் பெயருக்கு முன்னால் மர்ஹூமா என்று சொன்னார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவிக்கும்போது மட்டும் வருகிற சொல் அது. எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் உங்களைத் தேடிக்கொண்டு ஓடி வந்தேன். கிணற்றடியில், ஆட்கள் சாப்பிட்ட சஹன்களைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். "ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று கத்தினேன். நீங்கள் நிமிரவில்லை.

"எனக்கும் ஆரும் சொல்லாம இருந்திருந்தா நல்லம்" என்றீர்கள்.

அந்த வயதில் அது எனக்கு விளங்கவில்லை. பிறகு நான் அரசாங்க வேலைக்காகச் சிங்களம் படித்தேன். உங்களுக்கு விளையாட்டில் வந்தது எனக்குப் பரீட்சையில் வந்தது. ஒருநாள் கல்முனை ஒஃபிஸில் சாப்பாட்டு நேரம் போனில் அந்தக் கார்ட்டூன் அகப்பட்டது. முதல் கதையிலேயே நூராவின் அப்பா சொல்கிறார், உன் அம்மா சாகும்போது இந்த விளக்கை உனக்கென்று வைத்துவிட்டுப் போனாள் என்று. பார்சலும் இல்லை, சவூதியும் இல்லை. சோற்றுப் பார்சலைத் திறந்தபடியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னை ஏமாற்றவில்லை, ராத்தா. உங்களுக்குத் தெரிந்த உண்மையை அந்த அரை மணித்தியாலம் தள்ளி வைத்திருந்தீர்கள். வாரத்தில் ஒருநாள் உங்கள் உம்மாவும் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் அந்தக் கார்ட்டூனை என்னால் பார்க்க முடியவில்லை.

நீங்கள் படுக்கையில் விழுந்த மாதங்களில் மறுபடியும் அந்தப் பாட்டு இந்த வீட்டுக்குள் வந்தது. புற்றுநோய்க்கு மருந்தேற்றிவிட்டு மட்டக்களப்பிலிருந்து வந்தால் உங்களுக்கு எழும்ப ஏலாது. ஹனாவைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு போனில் நூராவைக் காட்டுவீர்கள். நான் கஞ்சியோடு வந்தபோது கேட்டது: "அவட உம்மா சவூதியில மகள். அந்த விளக்கு பார்சல்ல வந்தது."

ஹனா நான் இல்லை. கட்டாரிலிருக்கும் வாப்பாவோடு வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற பிள்ளை. "அப்ப ஏன் அவட உம்மா வீடியோ கோல் எடுக்கல்ல?" என்று கேட்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், இனி எப்படித் தப்புவீர்களென்று. "அவ வேலை செய்ற வீட்டுல வைஃபை பாஸ்வேர்ட் குடுக்கமாட்டாங்களாம்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் விளையாடப் போன பிறகு கேட்டேன், "இப்பவும் ஏன் ராத்தா? இவளுக்காவது உள்ளதச் சொல்லலாமே?"

மொட்டைத் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு முகட்டைப் பார்த்தீர்கள். "அந்த உம்மாவ என்னால மௌத்தாக்க ஏலாது" என்றீர்கள்.

கடைசிக் கதைக்கு முன்னால் இந்த முறையும் நிறுத்தினீர்கள். போனுக்குக் கரண்ட் போய்விட்டது என்று சொல்ல முடியாதே. "அத நான் ஆஸ்பத்திரியால வந்து காட்டுறன். அதுலதான் அவட உம்மா வாறா" என்றீர்கள் அவளிடம். வேனில் ஏறியபோதும் அவள் ஞாபகப்படுத்தினாள். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

திரும்பி வந்தது ஜனாஸாதான். நாங்கள் எதையும் ஹனாவிடம் மறைக்கவில்லை. முகத்தைக் காட்டினோம். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உம்மாக்குக் குளிருது, போர்வை போடுங்க" என்றாள். நான் இன்னும் அந்த ஒரு வார்த்தையிலிருந்து வெளியே வரவில்லை, ராத்தா. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்கிறது, ஒஃபிஸில் யாராவது ஃபேனின் வேகத்தைக் கூட்டினாலும் கேட்கிறது.

இன்று கையைக் கழுவிவிட்டுப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் அலுமாரியிலிருந்து அந்த டோர்ச்சை எடுத்து வைத்திருந்தாள். கண்ணாடித் தாள் வெளிறிப்போயிருந்தது. திரையில் நூரா விழுந்து கிடந்தாள், விளக்கு அணைந்திருந்தது. நீங்கள் எழும்பிப் போன இடம். போனை நிறுத்திவிட என் விரலும் நீண்டது. அப்போது இருட்டுக்குள்ளே தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. சுவர்ப் படத்தில் இருந்த அதே பெண் நடந்து வந்தாள்.

ஹனா என்னுடைய கையைப் பிடித்தாள்.

"சாச்சி, என்ட உம்மா வரமாட்டா எண்டு எனக்குத் தெரியும். இவட உம்மா வாறாதானே? உம்மா சொன்னா, வாறா எண்டு."

"ஓம் மகள்" என்றேன். "வந்திட்டா."

அந்தப் பெண் நூராவின் தலையைத் தடவிக்கொண்டு பேசினாள். சிங்களம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் செத்து நாளாகிவிட்டது மகளே, இனி என்னைத் தேடாதே என்கிறாள். சிங்களம் படித்த நாளை நான் நொந்துகொண்டது இன்றுதான்.

"என்ன சொல்றா சாச்சி?"

உங்கள் குரலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

"சாப்பிட்டியா எண்டு கேக்குறா."

ஹனா சிரித்தாள். ஜனாஸா போன நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. "நானும் அதான் நினைச்சன்" என்றாள். டோர்ச்சை அழுத்தி அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

பிறகு அந்தப் பெண் மறையத் தொடங்கினாள். முதலில் கால், பிறகு கை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு. நூரா கையை நீட்டி நீட்டி அழுதாள். இதற்கு என்ன சொல்வது? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஹனா எங்கே கேட்டுவிடுவாளோ என்று அவளைப் பார்க்காமல் இருந்தேன்.

அவள் கேட்கவில்லை. அவளுடைய வாப்பா ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டிக்கொண்டு கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று சொல்லுவாளே, அதே சாதாரணக் குரலில் எனக்கு விளக்கம் சொன்னாள்.

"லீவு முடிஞ்சிட்டு சாச்சி. திரும்பப் போறா." டோர்ச்சை அணைத்துவிட்டு, "பாவம், கொஞ்ச நாள்தான் குடுத்திரிக்காங்க" என்றாள்.

நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். இறாலை மறுபடியும் மறுபடியும் கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் நம்முடைய வாப்பாவுக்கும் கேட்காது, பிள்ளைக்கும் கேட்காது. உங்களுக்கு எவ்வளவு கொஞ்ச நாள் தந்தார்கள், ராத்தா. ஒரு பிள்ளையை வளர்த்து முடிக்கக்கூடப் போதாத லீவு.

இரவுச் சாப்பாட்டில் ஹனா சொன்னாள், வருகிற சனிக்கிழமை முதல் கதையிலிருந்து திரும்பப் பார்க்க வேண்டுமாம். உம்மா சொன்ன மாதிரியே நான் சொல்ல வேண்டுமாம், பிழை விட்டால் அவள் திருத்துவாளாம். ஓம் என்றிருக்கிறேன். முதல் கதையில் அந்தப் படம் வரும். அவட உம்மா எங்க என்று, தெரிந்துகொண்டே கேட்பாள்.

சவூதியில என்றுதான் சொல்லப்போகிறேன். என்னாலும் மௌத்தாக்க ஏலாது, ராத்தா.