மணப்பெண் அறைக்கு ஒரு லென்ஸ்

என்னவருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் குறை நினைக்காதீர்கள், இரத்தோட்டை போகும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு றினோஸ் நாளைக்கு அங்கே கட்டாருக்குத் திரும்புகிறான். அவனிடம் கொடுத்துவிட வேண்டும்.

சின்ன லென்ஸா, பெரிய லென்ஸா, எதை வாங்கி அனுப்ப என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மணப்பெண்ணின் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது என்பதால்தான் படம் எடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். அங்கே முப்பது பெண்கள், ஒரேயொரு பல்பு. அலுமாரியோடு முதுகு ஒட்ட நின்று எடுக்கிறேன். அறை முழுதும் அடங்க அகல லென்ஸ் இல்லாமல் முடியாது, நீங்கள் சொல்லும் இரண்டும் அந்த வகைதான். சின்னது கைக்கு அடக்கம், ஆனால் அந்த மங்கலில் கமராவை அசையாமல் பிடிக்க வேண்டும். பெரியது இருட்டிலும் சட்டென்று எடுத்துவிடும், ஆனால் கனம்.

போன மாதம் பலாபத்வல ஊரில் எடுத்த கல்யாணப் படங்களைப் பார்த்துவிட்டு, "மகள், எண்ட புள்ளட முகம் ஒண்டும் தெளிவில்லையே" என்றார் மணப்பெண்ணின் உம்மா. லென்ஸ் பழசு என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன். நீங்கள் உடனே ஓவர்டைம் செய்யத் தொடங்கிவிட்டீர்கள்.

நேற்று அதே லென்ஸோடு கமராவைத் தங்கை ஸக்கியாவிடம் கொடுத்து, அறையைச் சாத்தி அதே மங்கலில் என்னை எடுக்கச் சொன்னேன். கண்ணிமை கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

குறை லென்ஸில் இல்லை, என் கையில்தான். அதனால் எந்த லென்ஸும் வேண்டாம். லீவு கேட்டுப் பாருங்கள். கையைக் காட்டப் போனேன், அடுத்த தடவை வீட்டு ஆளோடு வரச் சொல்லியிருக்கிறார் டொக்டர்.

பஸ் என்று சொன்னது பொய். ஆடாத நம் வீட்டு மேசையில்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்