மழை முடியும் வரை ஜிப்ஸி என் கையில்

அக்டோபர் 6, திங்கள்
பிச்சிப்பூ இன்று நல்ல விலை போனது. அந்தச் சந்தோஷத்தோடு மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வந்தால் கத்தாரிலிருந்து வீட்டுக்காரர் போன். நான் பூ ஏற்றுகிற ஜிப்ஸி ஜீப்பை விற்கப் போகிறாராம். புளியங்குடியில் ஆள் பார்த்தாயிற்றாம். பூ எடுக்கிற லைனை அவர் தம்பி கருத்தப்பாண்டி தன் லோடு ஆட்டோவில் பார்த்துக்கொள்வானாம். நான் இனிமேல் நிம்மதியாக வீட்டில் இருக்கலாமாம்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மூன்று வருஷமாகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூ எடுப்பவள் நான். எடை போடுவது நான், ஏலத்தில் தொண்டை கிழியக் கத்துவது நான். முடிவு மட்டும் கத்தாரிலிருந்து வரும்.

மழை முடியட்டும் என்றேன். மழையில்தான் அது ஓடாதே என்றார். அது உண்மைதான். மழை பெய்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டங்களுக்குப் போகிற கரிசல் பாதையில் வண்டி பதிந்துவிடும். தோட்டக்காரர்கள் பூவைத் தலையில் சுமந்து தார் ரோட்டுக்கு வருவதற்குள் மொட்டு விரிந்து விலை பாதியாகிவிடும். "இந்த மழையில ஒருநா பூ ஏலத்துக்குத் தவறுச்சுன்னா வித்துருங்க" என்று சொல்லிவிட்டேன். சும்மா இருக்கிறதா இந்த வாய்?

அக்டோபர் 9, வியாழன்
பெரிய டயர் போடப் போகிறேன். யாரிடமும் கேட்கப் போவதில்லை.

அக்டோபர் 11, சனி
கடையநல்லூர் ஹுசைன் பாய் டயர் கடை. வீட்டில் கேட்டாச்சா என்றார். வண்டி வீட்டில் இல்லை பாய், உங்கள் கடை வாசலில் நிற்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டார். கட்டை கட்டையாகப் பல் வைத்த அகல டயர், நாலும் புதுசு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உரசியது. ஸ்பிரிங் பட்டையை உயர்த்தி, மட்கார்டு ஓரத்தை வெட்டிச் சரிசெய்தார். உள்ளே ஏறி உட்கார்ந்தால் எதிரே வருகிற கார்க்காரன் தலை தெரிகிறது. அப்படியே ஊருக்கு வந்து சங்கரன்கோவிலை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஏன் சுற்றக்கூடாது?

தெருமுனையில் கருத்தப்பாண்டி தன் ஆட்டோவோடு நின்றான். பொம்பளைக்கு எதுக்கு மதினி யானைக்கால் என்றான். "ஒனக்கு இருக்கது மூணு காலு. மொதல்ல அதப் பாத்துக்கிடு" என்றேன். அவனோடு நின்ற பயல்களே சிரித்துவிட்டார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்
இழுவை குறைந்துதான் போயிருக்கிறது. மேடு வந்தால் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. மழை எங்கே?

அக்டோபர் 22, புதன்
எழுதவே பிடிக்கவில்லை.

விடிய விடிய மழை. ஓடையைத் தாண்டியதும் எனக்கு அப்படியொரு தெம்பு. எல்லாத் தோட்டத்திலும் பூவை ஏற்றியாயிற்று. திரும்பும்போது வண்டி கனத்துக்கொண்டே போனது. கரிசல் மண் டயரில் அப்பி, அப்பினது மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றவே இல்லை. வண்டி பதியவில்லை, சும்மா நின்றுவிட்டது. கையால் தோண்டினேன், கம்பியால் தோண்டினேன். தோண்டத் தோண்ட அடைக்கிறது. டிராக்டர் வந்து இழுத்து ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. மொட்டெல்லாம் விரிந்து கிடக்கிறது. எவ்வளவு பூ!

இசக்கித்தாய் அக்கா தோட்டத்துப் பூதான் அதில் பாதி. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நாளையிலருந்து கருத்தப்பாண்டிட்ட போடுதேன் செல்வி. நான் என்ன செய்ய, எனக்குப் பூ வித்தாவணும்லா" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு?

அக்டோபர் 23, வியாழன்
எவனோ வீடியோ எடுத்திருக்கான். சேறு அப்பின மூஞ்சியோட நான் டயரைத் தோண்டுதேன், பின்னால சிரிக்கிற சத்தம். அது கத்தார் வரைக்கும் போயிட்டு. உடனே போன். சொன்னபடி வண்டிய வித்துருதேன், நீ வீட்ல இருங்காரு. இருக்க மாட்டேன். வாக்குக் கொடுத்தது நாந்தான? நானே வாபஸ் வாங்கிக்கிடுதேன். ஆர்.சி. புக்கு அவரு பேர்ல இருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. யாரு வந்து எடுக்கான்னு பாப்போம்.

அக்டோபர் 25, சனி
அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஊரே என்னைப் பார்த்தது, நான் இன்று அதில் டிராக்டரைப் பார்த்தேன். அதே சேறுதான். முன்சக்கரம் ஒல்லியாக மண்ணை அறுத்துக்கொண்டு உருளுகிறது. சுற்றிலும் இடம் இருப்பதால் அப்பின மண் தானாக உதிர்கிறது. என் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்கூட நுழையாது.

என் டயரின் உயரம் சரி. அகலம்தான் தப்பு. அகலமாக இருந்தால் கெத்தாக இருக்கும் என்று நான்தான் ஆசைப்பட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்
பழைய ஜீப்பு ரிம்மும் ஒல்லி டயரும் போட்டாச்சு. உயரம் குறையவில்லை. ஹுசைன் பாய்க்கே பார்க்கச் சகிக்கவில்லை, கொக்கு நிற்கிறமாதிரி இருக்கிறது என்றார். நிற்கட்டும். அகல டயரை அவர் கடையிலேயே விற்கக் கொடுத்துவிட்டேன். விற்கிற விலைக்குப் போகட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்
மழை. போனேன். வந்தேன். பூ ஏலத்துக்குச் சேர்ந்தது. இரண்டே தோட்டத்துப் பூதான், மற்றவர்கள் என்னை நம்பவில்லை.

நவம்பர் 5, புதன்
மழை. போனேன். வந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்
இசக்கித்தாய் அக்கா கூடையோடு பாதையில் நின்றாள். ரோட்டுக்குச் சுமந்து கழுத்து வலிக்கிறதாம், கருத்தப்பாண்டி இறங்கி ஒரு கூடைகூட வாங்குவதில்லையாம். இறங்கி வாங்கினேன்.

டிசம்பர் 1, திங்கள்
அவர் லீவில் வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வாங்குகிற ஆள் வியாழக்கிழமை வருகிறானாம். சாப்பாடு வைத்தேன், சாவியை எடுத்து வைக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்
கூட வருகிறேன் என்றார். சாவி கேட்டார். தோட்டத்துக்காரங்களுக்கு உங்களைத் தெரியாது என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு இடது பக்கம் ஏறினார்.

பூவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது. நான் சொல்வதற்கு முன்னால் அவரே இறங்கி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆழம் பார்த்தபடி முன்னால் நடந்தார். அக்கரைக்குப் போய் நின்று, வலது பக்கமாக வரச் சொல்லிக் கை காட்டினார். வலது பக்கம் பாறை வழுக்கும். இடது பக்கமாகப் போனேன். கரையேறி நின்றேன்.

தொடை வரைக்கும் ஈரத்தோடு வந்து ஏறினார். கூடை சரியாமல் இருக்க ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏலே, நாளைக்கு வண்டி பாக்க வாரவன்ட்ட வரண்டாம்னு சொல்லிரு."

என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை, ஏலத்துக்கு நேரமாகியிருந்தது.