நாளைக்கு எடுக்கப்போகிற கைநாட்டு சீன்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

எழுதத் தெரியாததால் செல்போனில் பேசிப் பதிந்து வைக்கிறேன்.

சென்னையில் சீரியல் எழுதித் தயாரிக்கிற மகள் செல்வி, நாளைக்குச் சாயங்காலம் எடுக்கப்போகிற சீனைப் போனில் படித்துக் காட்டினாள். படிக்காத அண்ணனிடம் தம்பி ஏமாற்றிக் கைநாட்டு வாங்கி நிலத்தைப் பிடுங்குகிறான். என்னையும் என் தம்பியையும் பற்றி ஊர் பேசுகிற கதைதான்.

"என் தம்பி ஏமாத்தலம்மா. பத்திரத்த ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் விரல் வச்சேன். எழுத்துதான் தெரியாது, காது நல்லாக் கேக்கும்."

"அப்புறம் எதுக்குப்பா குடுத்தீங்க?"

"நான் ஆஸ்பத்திரியில கெடந்த வருசம் உனக்கும் உங்கம்மாளுக்கும் அவன் வூட்டுலதான் சோறு. அவன் கேக்கல. நானாக் குடுத்தேன்."

"இத்தன வருசம் சொல்லவே இல்லியே?"

"நீ கேக்கவே இல்லியே."

"இப்ப மாத்துனா சேனல்காரங்க கத்துவாங்கப்பா. வில்லன் வேணும்."

"வேற ஆளப் பாத்துக்க. நம்ம ஊரு கடத்தூரே உன் சீரியலப் பாக்குது. என் தம்பி கடைத்தெருவுல தல நிமிந்து நடக்கணும்."

போனை வைத்துவிட்டாள்.

விடிகாலை முதல் பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்புகிறேன். பையில் வேட்டி வைத்தாயிற்று. அந்தப் பத்திரம் எனக்கு இன்னும் வரி தப்பாமல் ஞாபகம் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள் சீனை மாற்றி எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டேன்.