சந்தனம் காய்ந்த இரண்டு இடங்கள்

என் ருக்குவுக்கு,

சுதாவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "கல்யாணம் என்னாச்சுங்க, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று நடுவில் நடுவில் கேட்டுக்கொண்டே இருப்பாய். இனிச் சொல்லப்போவது உன் கம்ப்யூட்டர் என்னைப் படுத்திய பாடு.

சரவணம்பட்டி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஊரார் கல்யாணப் பத்திரிகையெல்லாம் அடித்துக் கொடுத்தவள் நீ. பெற்ற மகளின் பத்திரிகையை இதுவரை யாருக்கும் செய்யாத மாதிரி செய்ய வேண்டும் என்று, நிச்சயம் முடிந்த கையோடு ஆரம்பித்தாய். வாழைமரம், தென்னம்பாளை, மயில் என்று தினம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனாய். ஒருநாள் சேமித்துவிட்டு எழுந்தாய், மறுநாள் அது திறக்கவே மாட்டேன் என்றது. "மெமரி பத்தலையாமுங்க. நகைய மேல மேல போட்டு உட்டுப்போட்டேன், பாவம் மூச்சு முட்டுது" என்று சிரித்தாய். புது மெமரி வாங்குவதற்குள் ஆஸ்பத்திரி குறுக்கே வந்துவிட்டது. தையில் நீ போய்விட்டாய்.

"வருசம் திரும்பறதுக்குள்ள கல்யாணத்த முடிச்சுப்போடோணும்" என்று என் அண்ணன் வைகாசியில் நாள் குறித்தார். சுதா தலையாட்டினாள். ஆனால் பத்திரிகை விஷயத்தில் மட்டும் உன் பிடிவாதம் அப்படியே அவளுக்கு. "அம்மா செஞ்சதுதானுங்கப்பா வேணும். கடைக் கார்டுன்னா எனக்குப் பத்திரிகையே வேண்டாங்க" என்றுவிட்டாள்.

அந்தப் பைல் ஒரு பிளாப்பியில் அடங்காதாம், வெளியே எடுத்துப் போகவும் வழியில்லை. உன் கம்ப்யூட்டரிலேயே திறந்து, நீ காலியாக விட்டிருந்த தேதியைப் போட்டு, உன் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தால்தான் அச்சகத்தில் பிளேட் போட முடியும். திறக்காவிட்டால் நீ செய்தது உள்ளேயே கிடந்து போகும்.

காந்திபுரத்துக் கடையில் புது மெமரி இரண்டு வாங்கினேன். பார்த்தால் சீப்பு மாதிரி இருந்தது. கடைக்காரத் தம்பி, "ஜோடியாத்தானுங்கண்ணா போடோணும். நாலு எடம் இருக்குமுங்க, ரெண்டுல பழசு இருக்கும், காலியா இருக்கற ரெண்டுல இதப் போட்டுருங்க. சாய்ச்சு வெச்சு நிமித்துனா டக்குனு புடிச்சுக்குமுங்க. மோட்டாரையே பிரிச்சு மேயறவருக்கு இது ஒரு வேலைங்களா?" என்றார். நானும் அதை நம்பி வீட்டுக்கு வந்தேன்.

டக்கென்று பிடிக்கவில்லை. அமுக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், சாமி கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். வழக்கமாக ஒருமுறை கூவி எழுந்திருக்குமே, அது விட்டு விட்டுக் கூவிக்கொண்டே இருந்தது. திரை இருட்டு. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தேன். அதே கூவல்.

மதுக்கரை ரோட்டில் நம் பட்டறைக்கு வருகிற மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே காயில் போச்சா பேரிங் போச்சா என்று சொல்கிற ஆள் நான். சூடு சொல்லும், சத்தம் சொல்லும். இதற்கு எங்கே கை வைப்பது, நீயே சொல். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கூவிக்கொண்டே இருந்ததே, அதன் முன்னால் நின்ற மாதிரியே நின்றேன். அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை, யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை.

கடைக்குப் போன் போட்டேன். "புதுசக் கழட்டிப்போட்டுப் பழசோட மட்டும் ஓட்டிப் பாருங்கண்ணா" என்றார். ஓடியது. "அப்பப் புதுசுதானுங்களே கெட்டுப்போனது?" என்று எகிறினேன். "இல்லீங்கண்ணா, எங்கண்ணு முன்னாடி ஓட்டிப் பாத்துத்தான் குடுத்தேன். அந்தக் காலி எடத்துல அழுக்கு இருக்குமுங்க. டார்ச் அடிச்சுப் பாருங்க."

சுதாதான் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள். "அழுக்கில்லீங்கப்பா. பொட்டு" என்றாள்.

போன ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கிறதா? பட்டறையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கம்ப்யூட்டர் டப்பாவின் மேலே வைக்கப் போனவனை நீதான் தடுத்தாய். "பட்டறையில லேத்துக்கு வெப்பீங்களா, கூரைக்கு வெப்பீங்களா? மூடிக்கு வெச்சா மூடிக்குத்தானுங்க பூசை. கழட்டுங்க." கரண்டைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றிக் கொடுத்தேன். நீ உள்ளே பார்த்துப் பார்த்து, "ஓடற சாமான் மேல வெக்கப்படாதுங்க, கெட்டுப்போயிரும். இங்க ரெண்டு எடம் சும்மாதான் கெடக்குது" என்று அந்த இரண்டிலும் சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைத்தாய். உன் புத்திசாலித்தனத்தை அன்று நானும் மெச்சினேன். மோட்டாருக்குப் பழகின குடும்பம், காலி இடம் எதற்கென்று எப்படித் தெரியும்?

ஏன் அம்மணி, அவ்வளவு பெரிய டப்பாவில் உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? கோபம் கோபமாக வந்தது. சந்தனம் பிளவுக்குள் இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தால் வேலை முடிந்தது. குண்டூசியை எடுத்துக்கொண்டேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் குங்குமத்தின் ஓரத்தில் உன் விரல் ரேகை தெரிந்தது. எனக்குக் கை வரவில்லை. ஊசியைச் சுதாவிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்பாவும் மகளும் டப்பாவைத் திறந்துபோட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் அச்சகத்திலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு சுதாவே மெதுவாகச் சொன்னாள். "பழசு ரெண்டையும் எடுத்துப்போட்டு, அந்த எடத்துல புதுசப் போட்டுப் பாக்கலாங்கப்பா. புதுசு பெருசுதானுங்களே."

"நாலும் இருந்தா இன்னும் வேகமா ஓடுமே கண்ணு?"

"வேகமா ஓடி எங்கீங்கப்பா போகுது."

போட்டோம். டக்கென்று பிடித்தது. ஒரே ஒரு கூவல், திரை வெளுத்தது. உன் பத்திரிகை மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. மயிலுக்குக் கால் போட மறந்திருக்கிறாய், தெரியுமா? சுதா சிரித்தாள், பிறகு அழுதாள். தேதியை அவளே அடித்தாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மெமரியை எப்படியோ சமாளித்துவிட்டேன் ருக்கு, ஒரு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன். கீழே என் பெயருக்குப் பக்கத்தில் "திருமதி ருக்மணி" என்று அடித்திருந்தாய். "மறக்காம அமரர்னு மாத்திப்போடு, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்று அண்ணன் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் சொன்னது நியாயம்தான். மகளைப் பார்த்தேன். அந்த எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவள் அவள், அடிக்க மாட்டாள். அடிக்க வேண்டியவன் நான், எனக்கு அ எங்கே என்றே தெரியாது. விரலை நீட்டிக்கொண்டு உன் கீபோர்டின் மேல் தேடினேன். கொஞ்ச நேரத்தில் எழுத்தெல்லாம் கலங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டோம்.

அண்ணன் கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு சமாதானமாகி, அவரும் அண்ணியும்தான் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். நான் பந்தக்கால் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது கிணத்துக்கடவிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு நீதான் பத்திரிகை அடித்துக் கொடுத்தாயாம். நம் பத்திரிகையைக் கையிலேயே வைத்திருந்தார். நீ போய்விட்ட சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"ஏனுங்கண்ணா, அம்மணி எங்கீங்க? பேரப் பாத்ததுமே ஓடியாந்துட்டனுங்க."

சொல்லியிருக்க வேண்டும். மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. சுதா மணையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வந்தது, "உள்ள வேலையா இருக்குதுங்க" என்பதுதான்.

"செரீங்க, மெதுவா வரட்டுமுங்க. நா இங்கியே உக்காந்திருக்கறேன்" என்று பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து உனக்கு இடம் பிடித்துக்கொண்டார். பந்தி முடிந்து நான் திரும்பி வந்தபோதும் அந்தப் பை அங்கேதான் இருந்தது. அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் எப்போது எழுந்து போனார் என்று பார்க்கவும் இல்லை.

ஒருநாள் கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறிப் போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன், ருக்கு. கட்டாயம் சொல்வேன். இந்த வாரம் வேண்டாம். அதுவரை நீ உள்ளே வேலையாகவே இரு. நீ பொட்டு வைத்த அந்த இரண்டு இடத்திலும் எதையும் போட மாட்டேன்.

நீ ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத,
உன் ஊட்டுக்காரன்