லைலாக் புதருக்கடியில் இருபத்தெட்டாம் நாள்

வென்டல்,

ஓடிஸை இன்று வாசல் வழியாக மட்டும் கூட்டிப் போ, கழுத்துவாரை விடாமல். கொல்லைக் கதவைத் திறக்கவே வேண்டாம். லைலாக் புதருக்கடியில் காட்டு வான்கோழி அடைகாக்க உட்கார்ந்து இன்றோடு இருபத்தெட்டு நாள். நேற்று மாலையிலிருந்து முட்டைகளிடம் மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. குஞ்சுகள் ஓட்டுக்குள் இருக்கும்போதே அந்தக் குரலைப் பழகிக்கொள்ளும். வெளியே வந்ததும் அதை நம்பித்தான் பின்னால் நடக்கும். அந்த நேரத்தில் நாய் ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் அத்தனையும் போச்சு.

வாசலில் ஆண் வான்கோழி மறித்தால் பின்வாங்காதே. நீ தினமும் காருக்குள் ஓடி ஒளிவதால்தான் அது உன்னைத் தன் கூட்டத்தில் கடைசி ஆளாக வைத்திருக்கிறது. குடையைச் சட்டென்று விரித்து ஓர் அடி முன்னால் வை. உன்னைப் பெரிய ஆளாக நினைத்து விலகிவிடும்.

மதியம் உன் அண்ணன் கிளைட் வந்ததும் கிரில் அடுப்பைக் கார் நிறுத்தும் இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். புகை புதர்ப்பக்கம் போகக் கூடாது. இறைச்சி மசாலாவில் ஊறி ஃபிரிட்ஜில் இருக்கிறது.

"இந்த வீடு எனக்கா, அந்தக் கோழிக்கா?"ன்னு நேத்து கத்தினே. "கோழிக்குத்தான், அது குறட்டை விடாது"ன்னு நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான்.

ஹேரியட்

பி.கு: குஞ்சு பொரித்த மறுநாளே தாய்க்கோழி அவற்றை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். அவை புல்வெளியைக் கடப்பது ஜன்னலில் தெரிந்தால் உடனே எனக்கு போன் பண்ணு. நூலகத்தில் இருந்தாலும் எடுப்பேன். என்னோடு பேசாமல் இருப்பதை அதற்கப்புறம் தொடர்ந்துகொள்.